நாற்பத்தியொரு யூனிற்

தாவடியில் எனக்கு நூற்றுப் பதினேழு மீற்றர்.
எந்தக் கேற்றுக்குள் நாய், எந்த நாய் சும்மா குரைக்கும்
என்று பழக இரண்டு மாதம் போதும்.
குளவி இருக்கிற பெட்டியைப் பழகத்தான்
ஒரு கண் மூன்று நாள் மூடிக் கிடந்தது.

இப்போது மூடியில் கை வைக்க முன்
ஆறடி தள்ளி நின்று ஐம்பது எண்ணுவேன்,
ஆர் போகினம், ஆர் வருகினம் என்று.
வீட்டுக்காரர் நினைக்கினம்
நான் கும்பிடுகிறேன் என்று.

மேலெல்லாம் பஞ்சு மயிர்,
பின்காலில் மஞ்சள் மா உருட்டி ஒட்டியிருந்தால் தேனீ.
கெங்காதரன் அண்ணை சுவரில் சாத்திய சைக்கிளின்
ஹான்டிலில் ஒரு பின்னேரம் தொங்கியது கூட்டம்,
பலாப்பிஞ்சு அளவில், உயிரோடு முறுகி.
மனிசன் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறார்.
வீடு தேடிப் போகிற சனம் அண்ணை,
இது அவையின்ர பஸ் தரிப்பு,
இரண்டு நாள் நடந்து திரியுங்கோ என்றேன்.
மறுநாள் பத்து மணிக்கு ஹான்டிலில்
மெழுகு வாசம் மட்டும்.

இடை நூலாய், கால் தொங்கத் தொங்கப் பறந்தால்
அது காகிதத்தில் கூடு கட்டுகிற குளவி.
நேசமலர் ரீச்சர் வீட்டுப் பெட்டிக்குள்
கவிழ்த்த குடைபோல ஒன்று. அறை பன்னிரண்டு.
பகலில் வேண்டாம் ரீச்சர்,
இருட்டின பிறகு, ரோச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றி,
ஆளை விட்டு எடுப்பியுங்கோ.
கரண்ட் பெட்டி, தண்ணியும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம்.
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினா.
பிறகு கேட்டா: அறைக்குள்ளே குஞ்சு இருக்குமோ?
இருக்கும் என்றேன்.
போன மாதம் அறை பத்தொன்பது.
தூர நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
இலக்கத்தை அவவே எனக்கு வாசித்துச் சொல்லுறா.

கதண்டைப் பற்றி நான் பகிடி விடுவதில்லை.
கறுத்த உடம்பு, வயிற்றுக்குக் குறுக்கே செம்மஞ்சள் பட்டி.
எட்டு மாதமாய் ஒரு யூனிற்றும் ஓடாத வீடு,
யன்னலுக்கு மேலே பானை அளவில் கூடு.
கல்லெறிந்த பெடியன் ஓடிவிட்டான்.
கட்டையில் நின்ற பக்கத்து வீட்டு ஆடு
கயிறு எவ்வளவோ அவ்வளவு ஓடியது.

அந்த வீட்டுக்கு நேரே என் புத்தகத்தில்
'பூட்டு. கதண்டு. கிட்டப் போகாதே'.
எனக்குப் பிறகு வருகிறவனுக்கு.
முகம் வீங்கி மூச்சு இழுத்தால்
சுண்ணாம்பு தேடி மினக்கெடாமல்
பெரியாஸ்பத்திரிக்கு ஓடு என்றும்
ஓரத்தில் சின்னதாய்.

கடைசி மீற்றர் யோகநிதி அக்கா வீடு.
மூடியின் பிணைச்சலில் மண்கூடு.
நீலக் கறுப்பு, தனியாள்,
சிலந்தியை இழுத்து வந்து உள்ளே வைத்துப் பூசுகிறவள்,
சீண்டாமல் கொட்டாள்.
திருப்புளியால் ஒரு தட்டு, அலுவல் முடிந்திருக்கும்.
'மண்ணில கை வையாதேயும் தம்பி.'
கலியாணமாகிப் பதினொரு வருசம்.
குளவி மண் வைத்த வீட்டில் தொட்டில் ஆடுமாம்,
ஆரோ சொல்லியிருக்கினம்.
அரை விரல் நீக்கலுக்குள்ளால்
இலக்கத்தைப் பொறுக்கினேன்,
அன்று வீங்கின அதே கண்ணால்.

இந்த மாதம் பார்க்கிறேன்,
மண்ணில் பென்சில் நுழைகிற வட்டத்தில் ஓர் ஓட்டை.
உள்ளே கிடந்தது செட்டை முளைத்துப் போய்விட்டது.
அக்கா வாசலில் நிற்கிறா, கையில் மாவோடு.
'இருக்குதோ?'

நாற்பத்தியொரு யூனிற் என்றேன்.