காலிக் கட்டம்

சார் நகரத்து நலத்துறை அலுவலகத்தில்
மாதம் பிறந்தால் என் வேலை
சுழியங்களைக் கூட்டுவது.

எண்பத்தாறில்
உலகம் முழுக்க முப்பத்தைந்து லட்சம் பேர் என்று கணக்கு.
இந்தச் சில ஆண்டுகளாகப்
பதினைந்தைத் தாண்டவில்லை.
ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

தடுப்பூசி கிடையாது.
மாத்திரை கிடையாது.
தண்ணீரை வடிகட்ட ஒரு முழத் துணி,
வீடு வீடாகப் போய்க் கேட்க ஒரு வாய்.
தலைநகரத்து விருந்தாளிகள் இதைக் கேட்டதும்
அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்,
மருந்தின் பெயர் அங்கே இருக்கும் என்று.

நரம்புச்சிலந்தி.
குடித்த தண்ணீரோடு உள்ளே போய்
ஓராண்டு வாடகையில்லாமல் குடியிருந்து
முழங்காலுக்குக் கீழே கொப்புளமாய்க் கதவைத் தட்டும்.
எரியும்.
எரிகிற காலை யாருக்கும்
குளத்தில் நனைக்கத்தான் தோன்றும்.
அதற்காகத்தான் எரிகிறது.
நனைத்த நொடியில் ஆயிரமாயிரம் குஞ்சுகள்
அடுத்தவர் குடத்துக்குப் புறப்பட்டுவிடும்.
இரண்டு முழ நூல்.
குச்சியில் நாளுக்கு ஓரிரு விரற்கடை சுற்றி எடுக்கவேண்டும்.
அறுந்தால் போச்சு.

ஆற்றங்கரை ஊர்கள் நாற்பத்தொன்றிலிருந்து
எனக்கு நோட்டுகள் வரும்.
இரண்டு பத்தி: மனிதர், நாய்.
ஆமாம், நாய்.
மனிதக் கால்கள் ஓய்ந்த பிறகுதான்
நாய்க் கால்களில் நூல் தொங்குவதைப் பார்த்தோம்.
அதனால்தான் ஊரெல்லாம் சங்கிலி,
மீன்குடலைப் புதைக்க வாசலுக்கொரு குழி.

பயிற்சியில் நான் தொண்டை கிழியச் சொல்லும் ஒரே விதி:
காலிக் கட்டம் சுழியம் ஆகாது.
சுழியம் என்றால், போனேன், பார்த்தேன், இல்லை.
காலி என்றால்
யாரும் போகவேயில்லை.

ஆகஸ்டில் மெமாஜியின் நோட்டில்
நாய்ப் பத்தி காலி.
ஏழு ஆண்டில் ஒரு கட்டம் விடாதவள்.
கிளம்பினேன்.
மழைப் பாதையில் பாதி தூரம்
மோட்டார் சைக்கிள் என்னைச் சுமந்தது,
மீதி தூரம் நான் அதை.

ஷியா மரத்தடியில் சங்கிலி,
சங்கிலியில் அவள் நாய்.
பெயர் மந்திரி.
எல்லாவற்றையும் தின்னும், எதையும் காக்காது என்பாள்.
முன்னங்காலில் வீக்கம்,
அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
உடையவில்லை.

“ஒன்று என்று எழுதப் புழு தெரியவில்லை.
சுழியம் என்று எழுதக் கை வரவில்லை.
உங்கள் தாளில் மூன்றாவது கட்டம் எங்கே?”

எனக்குத் தெரியவில்லை.
ஜெனீவாவில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

பதினோரு இரவாக
அவள் சங்கிலியின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள்.
ஆறு நாற்பது அடியில்.
அதன் சத்தம் கேட்டு மந்திரி விடியவிடிய முனகுகிறது.
சோளக் கொல்லையில் களை இடுப்பளவு.
பக்கத்து வீட்டு ஜிம்ராங்கார் வந்து
வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனானாம்,
புழு வந்தால் தகவல் சொன்னவருக்குக் காசு உண்டே என்று.
“அவன் வாயைத்தான் முதலில் கட்டவேண்டும்.”

அன்றிரவு நானும் அங்கேயே தங்கினேன்.
கொசு என்னைத் தின்றது.
வேறொரு பத்தி, வேறொரு அலுவலகம்.

விடியலில் புள்ளி உடைந்தது.
அவள் குனிந்தாள். நானும் குனிந்தேன்.
எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன.
சீழ்.
சீழுக்குள் கருவேல முள்.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை,
மற்ற மூன்று காலையும் தடவிப் பார்த்தாள்.
பிறகு நோட்டை மடியில் வைத்து
பேனாவை ஊன்றினாள்.
வட்டம் சீக்கிரம் முடியவில்லை.
பதினோரு இரவையும் கொல்லைக் களையையும்
சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

“மந்திரியை அவிழ்த்துவிடலாமே” என்றேன்.
“இரண்டு நாள் போகட்டும்.”

சார் திரும்பி அதை ஒற்றை விரலால் தட்டினேன்.
கணினிக்கு அது
மற்ற நாற்பதைப் போலத்தான் இருந்தது.