றாத்தல்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரித் தராசு
எழுபத்தெட்டு என்றது.
"பாண விடுங்க" என்றா மிஸ்.
நான் இருப்பதோ
பேக்கரிக் கல்லாவில்.

போறணை திறக்கும் நேரமெல்லாம்
கொட்டாவி வந்தவள்போல
மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன்.
இரவில் சோறு.
பாண்தான் இல்லையே என்று
இன்னொரு அகப்பை.

"குரக்கன் பாண் வைக்காதுக்கா"
தட்டுத் துடைத்தபடி சதாகரன்.
அதைத்தான் தின்று நீ ஈர்க்காகினியா?
"ரெண்டு மணிக்கு எழும்பி
மா குழைச்சுப் பாருங்க."

ஒரு மாதம்.
எழுபத்தெட்டு, முந்நூறு கிராம்.
முந்நூறை மிஸ் எழுதவில்லை,
நல்ல மனுசி.

வெள்ளிக்கிழமை
நிறுவைக்காரர் ஜீப்பில் வந்து
ஆறு பாணைத் தராசில் ஏற்றினார்கள்.
நானூற்றைம்பது இருக்கவேண்டியது
நானூற்றுப் பத்து.
முதலாளிக்கு வியர்த்தது.
எனக்கு எரிந்தது.

நாற்பது கிராம்!
கல்லடிப் பாலத்தில் நடக்காமல்,
வெந்தயத் தண்ணி குடிக்காமல்,
ஒருநாளும் பசிக்காமல்.

மிஞ்சியதில் ஒன்றைக்
கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்,
எப்படி இளைத்தாய் என்று கேட்க.
பருப்புக் கறி சூடாக இருந்தது.
மூன்றாம் துண்டுவரை
அது ஒன்றும் சொல்லவில்லை.