நூற்று முப்பதாம் எண்

எங்கள் வீட்டு நிலவறையில்
மணிக்கு ஓர் எண் உண்டு: நூற்று முப்பது.
ஹாரனுக்கு நூற்று இருபத்தொன்பது.
உள்ளங்கை நீள டீசல் எஞ்சின்,
அதன் வயிற்றுக்குள் நகத்தளவு சில்லு,
பக்கத்தில் சர்க்கரைக் கட்டிபோல் ஸ்பீக்கர்.
எதற்கு எவ்வளவு சத்தம் என்று
பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை
எழுதிவைக்கலாம்.
எல்ராய் எழுதியிருந்தது
இருநூற்று ஐம்பத்தைந்து.

லா கிராஸில் ஜனவரி என்றால்
மிசிசிப்பியே வாயை மூடிக்கொள்ளும் மாதம்.
மேலே அடுப்படியில் நான்
உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருப்பேன்.
கீழே எஞ்சின் ஷெட்டை விட்டுக் கிளம்பும்,
தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக்
குலுக்கியதுபோல்.
"மார்லிஸ், மணி அடிக்கிறதா?"
"டோர்ஸன் வீட்டில் போய்க் கேள், அவர்கள் சொல்வார்கள்."
அதுவும் அவனுக்குக் கேட்காது.

காது மருத்துவர் ஒரு வரைபடம் தந்தார்.
இடப்பக்கம் சமவெளி, வலப்பக்கம் திடீர்ப் பள்ளம்.
மணி, குருவி, என் பேச்சின் ஓரங்கள்
எல்லாம் அந்தப் பள்ளத்தில்.
தலைக்கு மேலே ஐந்து குழல் ஹாரனை வைத்துக்கொண்டு
இருபத்தொன்பது வருடம்
கிராஸிங் தவறாமல்
இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம்
இழுத்தவனுக்கு
வரைபடம் வேறெப்படி இருக்கும்.
காதுக்கருவி வாங்கினோம்.
இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் பல் பிடுங்கப் போயிருந்தபோது
கீழே இறங்கினேன்.
எண்களை மாற்றுவதற்கென்றே
ஒரு முழத் தண்டவாளம் தனியாக உண்டு.
எஞ்சினை அதில் ஏற்றி
நூற்று முப்பதை அழுத்தி
நாற்பது என்று எழுதினேன்.
மேலே வந்து, எதற்கோ,
சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இரவு, வீங்கிய கன்னத்தோடு கேட்டான்,
மணி அடிக்கிறதா என்று.
அடிக்கிறது என்றேன். பொய்யில்லை.
எஞ்சின் கூரைமேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு
மேசை நெடுகக் கூடவே நடந்தான்,
காய்ச்சல் பார்ப்பவன்போல்.

அடுத்த வாரம் வாசித்துப் பார்த்தேன்:
எண்பது.
என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.
நானும் வாய் திறக்காமல் ஐம்பது எழுதினேன்.
எழுபது என்றது எஞ்சின்.
ஐம்பத்தைந்து என்றேன்.
கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில்
இத்தனை பொறுமையாக நாங்கள்
பேரம் பேசியதில்லை.
கூரைப் பனி சொட்டத் தொடங்கிய மார்ச்சில்
அறுபத்திரண்டுக்கு வந்து நின்றது.
அதற்குமேல் அவனும் ஏற்றவில்லை,
நானும் இறக்கவில்லை.

ஹாரனை நான் தொட்டதில்லை. அது அவன் பாடு.
ஆனால் நடுவில் ஒரு நாள், பிப்ரவரி ஒன்பது,
கை தவறி அதையும் வாசித்துவிட்டேன்.
பூஜ்யம்.

அந்தத் தேதி எனக்குத் தெரியும்.
ஆற்றோரம் ஒரு பண்ணைச் சாலை, சிவப்பு பிக்கப் வண்டி.
ரயில் நின்ற பிறகும்
ஹாரன் கைப்பிடியை விடவேயில்லை என்று
கண்டக்டர் வெர்ன் சொன்னான்.
எல்ராய் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமும் எஞ்சின் ஓடியது.
பல்குச்சியில் அவன் செய்த கிராஸிங் கதவை
மணியை மட்டும் அடித்துக்கொண்டு
கடந்தது.
மாவுக் கையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.
அன்றைக்கு எண்பதிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஹாரன் பழைய எண்ணில்.
இரண்டு நீளம், ஒரு குட்டை,
கடைசி நீளத்தில்
பூனை அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
"சத்தம் அதிகமா?" கீழிருந்து கத்தினான்.
இல்லை என்றேன்.
பிறகு படியிறங்கிப் போய்
அவன் முகத்துக்கு நேரே நின்று
இன்னொரு தரம் சொன்னேன்.