மேலுக்கு லீவு

நண்டு கம்பெனியில் நான் ஒட்டுவது பழுப்பு டேப்.
தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸுக்குள் நீலக்கால் நண்டு.
மூடிக்குக் குறுக்கே ரெண்டு, நெடுக்கே ஒன்று.
மதுரை போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு ஒழுகாது.

அந்த நம்பிக்கையில்தான்
போன கச்சான் காத்து மாசத்தில்
என்னையும் பார்சல் கட்டினேன்,
முதுகோடு சேர்த்து மூணு சுற்று.
சட்டை நேராக விழுந்தது.
மத்தியானம் வரைக்கும் நான் இன்னாசி.
அப்புறம்
மூச்சுக்கு ஓட்டை தேடுகிற ஒரு பெட்டி.

ராத்திரி உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.
தங்கச்சிமடத்து உப்புக் காற்று
அந்தப் புண்ணைப் பதினேழு நாள்
விசாரித்துவிட்டுப் போனது.

கேணிக்கரை மெடிக்கலில் கேட்டு வாங்கியது இது.
கபடிக்காரர்கள் முழங்காலில் ஒட்டுவது,
துணி மாதிரி இழுபடும்.
"எங்க அடி?" என்றார் கடைக்காரர்.
நெஞ்சு என்பது தொண்டை வரை வந்து
"தோள்பட்டை" என்று வெளியே போனது.

இந்த முறை அவசரப்படவில்லை.
ஒரு விரல் அகலத் துண்டை விலாவில் ஒட்டி
ஒரு பகல், ஒரு ராத்திரி காவல் இருந்தேன்.
சிவக்கவில்லை. அரிக்கவில்லை.
என் தோல் என்னிடம்
முதல்முறையாகச் 'சரி' என்று சொன்னது.

இப்போது கை பழகிவிட்டது.
கழுவி, ஈரம் போகத் துடைத்து,
கத்தரியால் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்வேன்
(கூர்மூலைதான் முதலில் எழும்பும்,
எங்கள் தெருவிலும் அப்படித்தான்).
காம்பின் மேல் பஞ்சுத்துணி.
முனையை இழுக்காமல் பதித்து
நடுவை மட்டும் லேசாக அக்குள் பக்கம் சாய்த்து
கடைசி மூணு விரற்கடையை மறுபடி இழுக்காமல்.
முதுகுக்குப் போகாது டேப்.
சுற்றிக் கட்டினால் விலா எலும்பு எங்கே போகும்?
அதற்கும் விரிந்து சுருங்கும் வேலை இருக்கிறது,
எனக்கு நண்டு கம்பெனி மாதிரி.

எரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவேன்.
எரியாவிட்டால் மூணு நாள்.
இந்த வேர்வைக்கு அதுவே ஜாஸ்தி.
எடுக்கும்போது தேங்காயெண்ணெய்,
ஊற ஊற ஓரத்திலிருந்து,
வலையில் சிக்கின நண்டைக்
கால் ஒடியாமல் கழற்றுகிற மாதிரி.
கால் ஒடிந்தால் பாதி விலை.

அம்மா பாசிக்குப் போகிறவள்.
பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்க
பத்து விரலுக்கும் துணி சுற்றிக்கொள்வாள்.
இந்த வருஷத் துணி என் பச்சைத் தாவணி.
என்னைக் கேட்டுக் கிழிக்கவில்லை.
கிழித்ததை நானும் கேட்கவில்லை.
கொஞ்ச நாளாக
பழைய பேரும் சொல்வதில்லை, புதுப் பேரும் சொல்வதில்லை.
"ஏய், எண்ணெய் ஏன் இப்படிக் குறையுது?"
அவ்வளவுதான்.
ஆனால் நேற்றைக்குப் பெரிய பாட்டில் வந்திருக்கிறது.

இன்று ஞாயிறு.
நேற்றே உரித்துவிட்டேன்.
படகை இழுத்துப்போன மணல் மாதிரி
விலாவில் ரெண்டு தடம் மட்டும்,
சாயங்காலத்துக்குள் மூடிக்கொள்ளும்.
சட்டை ரெண்டு சைஸ் பெரிசு.
குனிந்து பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கவும்
ஒரு ஞாயிறு முழுசும் வேண்டியிருக்கிறது.

கரையிலிருந்து ரெக்சன் கத்துகிறான்:
"வாலிபாலுக்கு ஆள் குறையுதுடா!"
"இன்னைக்கு வரல."
"ஏன், மேலுக்கு முடியலையா?"
"முடியுது.
மேலுக்கு லீவு."

அவனுக்கு விளங்கவில்லை. பந்தோடு போய்விட்டான்,
அந்த 'டா'வை வாசலில் போட்டுவிட்டு.

கொடியில் பத்துப் பச்சைத் துண்டுகள் காய்கின்றன.
அதே காற்று
என் காலர் வழியாக உள்ளே போய்
கை வழியாக வெளியே வருகிறது,
யாரையும் எதுவும் கேட்காமல்.