சவுட்டு

பெயின்ட் முடித்த பிறகுதான் கொண்டுவந்தான் பெர்லின்.
மயில்கழுத்து நீலம். கதவில் ஸ்டுடியோ பெயர்,
பின்தட்டில் பூச்சரம் தொங்கவிடக் கொக்கிகள்.
அறுபத்துமூன்று மாடல் வில்லிஸ் பிக்கப்.
கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட் சுமந்தது
இனிமேல் கல்யாண ஜோடிகளைச் சுமக்குமாம்,
மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே நின்றபடி.

"ஓட்டம் கொறவு அண்ணா, நிக்கதுதான் வேலை.
பிரேக்க லேசா பாத்தா போரும்.
போட்டோல பிரேக் வராதுல்லா?"

வராது.
ஆனால் நிற்பதற்கென்று எங்கே போனாலும்
ஓர் இறக்கம் இறங்காமல் போய்ச் சேர முடியாது
இந்த அருமனையிலிருந்து.

தரைக்கடியில் கிடந்த சிலிண்டரைக் கழற்றினேன்.
உள்ளே ரப்பர் கப்புகள்
ஊறின அண்டிப்பருப்பாகப் பொதுமியிருந்தன.
முகர்ந்தேன். என்ஜின் ஆயில்.
ரப்பர் தெரியாத சீமை என்றால் மன்னிக்கலாம்,
இங்கே எந்த மகராசன் ஊற்றினான்?

நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்.
ஒரு மூட்டில் ஒழுகினால் நாலும் போயிற்று.
இந்த வண்டி அறுபது வருஷம்
பேச்சிப்பாறை வளைவுகளில் யாரையும் கொல்லாதது
யார் செய்த ஜெபமோ.

இரண்டு அறை சிலிண்டர் வாங்கி
என்ஜினுக்குப் பக்கத்தில் மேலே ஏற்றினேன்:
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று,
ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கும்.
இதை நான் விளக்கும்போது பெர்லின்
போனில் ஒரு மணப்பெண்ணின் இமையைச்
சரிசெய்துகொண்டிருந்தான்.

வடசேரி ஆக்கர் கடையில்
புளியமரத்தில் இடித்த ஒரு பொலீரோ.
அதன் முன் டிஸ்க்குகள் என் வில்லிஸுக்கு.
பிராக்கெட் மூன்று தடவை தப்பாக வெட்டினேன்.
நாலாவது உட்கார்ந்தது, முணுமுணுத்துக்கொண்டு.

கடைசியில் காற்றெடுக்கும் வேலை.
அதற்கு ஆள் இரண்டு வேண்டும்.
பையன் அஜீஷ், குவைத் மெடிக்கலுக்குப் போய்விட்டான்.
அண்டி ஆபீஸ் விட்டு வந்த புஷ்பலீலா
பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.
கால் எட்டவில்லை. முதுகுக்கு ஒரு சாக்கு.

நான் பின்னிடது சக்கரத்தின் கீழே.
"சவுட்டு."
"சவுட்டியாச்சு."
"பிடி."
"பிடிச்சாச்சு."
நிப்பிளைத் திறந்தால் டியூபில் குமிழி, குமிழி,
பிறகு ஒரு பெருமூச்சு.
மூடினேன்.
"இனி விடு."

காலையில் சிட்டிப்பணத்துச் சண்டைக்குப் பிறகு
எங்களுக்குள் இதுதான் முதல் பேச்சு.

பின்வலது. முன்னிடது. முன்வலது.
நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.
கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில்
நான் சொன்னதை இவள் இத்தனை தடவை
கேட்டதில்லை என்று
மல்லாந்து கிடந்து சிரித்துவிட்டேன்.
மேலேயிருந்து குரல்:
"சிரிச்சா விட்டிருவேன் பாத்துக்கிடும்."

நிப்பிள் திறந்திருந்தது.
சிரிப்பை விழுங்கினேன்.
இப்போது அவள் காலை எடுத்தால்
இரவு முழுக்க எடுத்த காற்று
திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளேதான் சொன்னாள்,
"இப்ப கல்லு மாதிரி இருக்கு."
கேஜ் எதுவும் தேவைப்படவில்லை.

எண்ணெய் நிரப்பும்போது ஒரு சொட்டு
மட்கார்டில் விழுந்ததை இருட்டில் நான் பார்க்கவில்லை.
விடிந்தபோது மயில்கழுத்து நீலம்
எட்டணா அகலத்துக்குக் கொப்பளித்திருந்தது.
பெர்லின் தலையில் கைவைத்தான்:
"அண்ணா, இது போட்டோல வரும்!"

வரட்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

களியல் போகிற வழி. இறக்கம்.
இரண்டு பக்கமும் சிரட்டை கட்டிய மரங்கள்.
வேகம் ஐம்பது தொட்டதும்
ஆளில்லா ரோட்டில், ஒரு காரணமும் இல்லாமல்
சவுட்டினேன்.

மூக்கைத் தாழ்த்தி,
இடமும் வலமும் இழுக்காமல் நின்றது.

வாளியோடு கடந்த பால்வெட்டுக்காரி கேட்டாள்,
"என்னவோய், பெட்ரோல் தீந்துதா?"
"இல்ல. நிக்குமாண்ணு பாத்தேன்."

பக்கத்து சீட்டில் புஷ்பலீலா ஒன்றும் பேசவில்லை.
அவள் வலதுகால் மட்டும்
பெடல் இல்லாத வெறுந்தரையை
இன்னும் சவுட்டிப் பிடித்திருந்தது.