ஆறு மணிக்குள்

பெயர்ப்பலகையில் இன்னும்
'சந்திரகாசன் பிரதர்ஸ்' தான்.
பாடுவது நான்.
இரண்டாம் குரல் அண்ணி ரூபவதி.
பிரதர்ஸ் இருவரும் வாசிப்பார்கள்,
சண்டை போடுவார்கள்,
வேனில் ஸ்பீக்கர் ஏற்றும்போது
இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

எண்பத்தெட்டில் போட்ட கேசட்டின் ஒன்பது பாட்டையும்
மறுபடி பதிவு செய்வதென்று
தீபாவளிக்கு மறுநாள் முடிவானது,
மிச்சமிருந்த முறுக்கின் மேல் சத்தியமாக.
மூல நாடாவைக் கேட்டுப் போனோம்.
கம்பெனி இருந்த இடத்தில்
கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஸ்டூடியோ செந்தூலில்,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
நான் மேல் ஸ்தாயியைத் தொடும் இடத்திலெல்லாம்
கீழே ஒருவன் நட்டு கழற்றினான்.
"சுருதி சேருதுக்கா" என்றான் தம்பி பத்மநாதன்.

இரண்டாவது பங்சாரில்.
செருப்பு விடும் இடத்தில் மூங்கில் வளர்த்திருந்தார்கள்.
ஒரு மணி நேர வாடகையைக் கேட்டுவிட்டு
கழிப்பறை எங்கே என்று கேட்டார் அண்ணன்.
முறை வைத்து எல்லோரும் போய்வந்தோம்.
அந்த அளவுக்காவது பயன்படட்டும்.

செகாம்புட்டில், மீ தொழிற்சாலைக்குப் பின்னால்,
மூன்றாவது.
வெய் ஹான். இருபத்தாறு வயது.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
'சாப்டாச்சா', 'இன்னொரு தடவை'.

ஹெட்ஃபோனுக்குள் டிக் டிக் என்று
ஒரு தச்சன் உட்கார்ந்திருந்தான்.
பல்லவி வரை அவனோடு போனோம்.
முதல் சரணமும் போனோம்.
இரண்டாவதில் நால்வரும்
அவனை முந்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டோம்.
ஏழு முறை.
"டிரம் தள்ளுது" என்றார் அண்ணன்.
"கீபோர்டு இழுக்குது" என்றான் தம்பி.
அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

பழைய கேசட்டை ஓடவிட்டு
திரையில் ஒரு கோடு காட்டினான் வெய் ஹான்.
தொண்ணூற்றாறில் கிளம்பும் பாட்டு
நூற்றுப் பதினொன்றில் போய் நிற்கிறது.
மலாயில் கேட்டான்:
யார் துரத்துகிறார்கள் உங்களை?

சிரித்தோம்.
அண்ணி சிரிக்கவில்லை.
"மூணு மணி நேரத்துக்குத்தான காசு கட்டினோம்.
ஆறு அடிச்சா மெயினை அணைச்சிடுவேன்னான்."

பத்து ரோட்டு மாடியறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
என் நேரெதிரே கடிகாரம்.
கண்ணாடிக்கு அப்பால் அடுத்து பதிய வேண்டிய கசல் குழு
வயலினுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே பார்த்தது.
இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.
மூன்று மணி நேரம் என்பது
இரண்டு வளையல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கேசட் அட்டையில் நாங்கள் கைகட்டி நிற்கிறோம்.
அண்ணி மட்டும்
கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பாள்.
ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்,
முப்பத்தாறு வருஷம்.

கல்யாண வீடுகளில் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்பார்களே,
கடைசிச் சரணத்தில் அப்படியே பொங்குமே என்று,
அந்தப் பொங்கல்
வாடகை தீர்கிற பயம்.

இப்போது நாள் முழுக்க எங்களுடையது.
தச்சனோடு ஒட்டி, பிசகாமல்,
தொண்ணூற்றாறிலேயே பாடி முடித்தோம்.
கேட்டுப் பார்த்தோம்.
வங்கியில் எண் வாங்கிக்கொண்டு
உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.
கைக்கடிகாரத்தையும் கழற்றி
பாட்டுத்தாளின் மேல் வைத்தாள்.
"தம்பி, நாலாவது நிமிஷம்
வெளியில இருந்து கதவைத் தட்டு."

வெய் ஹான் விளையாட்டாகத் தட்டவில்லை.
வீட்டுக்காரன் மாதிரி தட்டினான்.

பதிவில் இருக்கிறது அது,
கடைசிச் சரணத்தின் நடுவில், இரண்டு தட்டு,
அதற்குப் பிறகு நாங்கள் ஓடுகிற ஓட்டம்.
எடுத்துவிடவா என்று கேட்டான்.
இருக்கட்டும் என்றோம்.

வேனில் ஏறும்போது மழை.
டிரம்தான் தள்ளுது என்று
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் அண்ணன்.