ஏழாம் பாடம்

மே முதல் தேதி விடுதி மெஸ்ஸைப் பூட்டினார்கள்.
தேவகோட்டை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்
அடைக்கலமேரி தன் பாதி பாட்டில் ஊறுகாயை
எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள்,
உயில் மாதிரி, லேபிளில் கையெழுத்துப் போட்டு.

நான் ஊருக்குப் போகவில்லை.
முக்கால் மணி நேரம்தான், ஆனாலும்.
காலேஜ் ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
நாளைக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
டீ அவர்கள் செலவு.
ஃபேன் மெஷினுக்கு.

மெஷின் சூடேற நான்கு நிமிடம்.
நான்கு நிமிடத்துக்கு ஒரு சொல் என்று
ஜெர்மன் படித்தேன்.
யாருடைய ஆய்வேடோ
பக்கம் பக்கமாய் வெந்து விழ
பக்கத்தில் நின்று முணுமுணுத்தேன்:
மேசை ஆண். விளக்கு பெண்.
ஜன்னல் இரண்டுமில்லை.
சூரியன் பெண்ணாம், நிலா ஆணாம்.
சிறுமி?
அஃறிணை.
கடைக்காரர் உமையப்பனிடம் சொன்னேன்.
"அப்ப அங்க ஒனக்கு
லக்கேஜ் டிக்கெட்டா?" என்றார்.

செவ்வாய், வெள்ளி இரவு எட்டு மணிக்கு
போன் திரையில் வகுப்பு.
விடுமுறையில் என்ன செய்கிறீர்கள்,
பத்து வாக்கியம் எழுதுங்கள் என்றார்கள்.
என்னிடம் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.

நான் வேலை செய்கிறேன்.
வெயில் அடிக்கிறது.
நான் தண்ணீர் குடிக்கிறேன்.
பேருந்து பச்சை.
எனக்கு ஒரு சகோதரன்.
(அண்ணனா தம்பியா என்று
அந்த மொழி கேட்கவே இல்லை.)
அம்மா நலம்.
(அம்மாவுக்குச் சர்க்கரை.
அங்கே எனக்குத் தெரிந்த சர்க்கரை
காபியில் மட்டும்தான் கரையும்.)
பத்தாவது வாக்கியம்:
நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

பொய்யில்லை.
மின்காந்தவியலில் முப்பத்தெட்டு மார்க்.
அரியர் என்பதற்கு
அந்த மொழியில் எனக்குச் சொல் தெரியாது.
ஆகவே அங்கே நான் எதிலும் தோற்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லுக்குள்
ஒருத்தி
வெயிலில் நின்று தண்ணீர் குடிக்கிறாள்,
எல்லாப் பேப்பரும் பாஸாகி.

அவளை எனக்குப் பிடித்திருந்தது.
மூன்று வாரம் அவளோடுதான் சுற்றினேன்.
நூறடி ரோட்டில் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.
அப்பா போன் செய்தபோது
அவளையே பேசச் சொன்னேன்:
நல்லாயிருக்கேன். வெயில்தான். சாப்பிட்டேன்.

ஏழாம் பாடம், வங்கி.
ஷுல்ட்: கடன்.
அதே சொல்லுக்கு அடுத்த வரியில்
குற்றம் என்றும் போட்டிருந்தது.
மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது.

கொடுத்த கடனிலேயே
தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் எழுப்பிய சீமை இது.
அந்த வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர் அப்பா.
செக்காலை ரோட்டு வங்கியில்
கல்விக்கடன் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து
கட்டத்துக்குள் நிற்காமல்
வெளியே இரண்டு எழுத்து தொங்கியது.
மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.
அப்பாதான் மன்னிப்புக் கேட்டார்.

சிக்கிய பேப்பரைக் கிழித்துக் கிழித்து எடுத்தபடி
என் மொழியில் தேடினேன்.
காலைக்கடன்.
முத்துமாரிக்கு அம்மா பால்குடம் எடுத்த
நேர்த்திக்கடன்.
கடனே என்று நான் படித்த மின்காந்தவியல்.
எங்கேயும் குற்றம் இல்லை.
கடைசிச் சொல்லில் மட்டும்
கொஞ்சம் இருந்தது.

எட்டாம் பாடம் ஏனென்றால்.
அந்தச் சொல் வந்துவிட்டால்
இரண்டாவதாய் நின்ற வினை
வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.
நம்மைப் போல.
காரணம் சொல்ல ஆரம்பித்தால்
அவர்களும் தமிழ் மாதிரி
முடிவுவரை காக்க வைக்கிறார்கள்.
ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:
நான் வீட்டுக்குப் போகவில்லை, ஏனென்றால் நான்
அங்கே நிறுத்திவிட்டேன்.
வினை இன்னும் வரவில்லை.

சாயங்காலம் ஒரு பையன்
அரியர் விண்ணப்பம் கொண்டுவந்தான்.
"ரெண்டு காப்பி, அக்கா."
மூன்று போட்டேன்.
மூன்றாவதை மடிக்காமல்
ஜெர்மன் நோட்டுக்குள் வைத்தபோது
உமையப்பன் பார்த்துவிட்டார்.
"ஒன் கணக்குல எழுதிக்கிறவா?"

எழுதிக்குங்கண்ணே என்றேன்.